பிள்ளையின் வயதும் வீட்டின் நூலும்

யாழ்ப்பாணக் குடாநாட்டு இல்லம் ஒன்றின் விறாந்தையில், மாலை வேளையில் மூன்று பிள்ளைகள் படிக்க அமர்கின்றனர். மூத்த பிள்ளை பத்தாந் தரத்திற் கற்பது. நடுப்பிள்ளை நான்காந் தரம். கடைக்குட்டி இன்னும் முன்பள்ளியைக் கடக்கவில்லை. மூவர் முன்னும் வைக்கப்பட்டிருப்பன யாவை? மூத்த பிள்ளைக்குக் கடந்தகால வினாத்தாட் தொகுதி. நடுப்பிள்ளைக்குப் புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாட் தொகுதி. கடைக்குட்டிக்கு, புள்ளியிட்ட எழுத்துக்களின்மேல் பென்சிலை ஓட்டி நிரப்பும் பயிற்சிக் கொப்பி. வயது மூன்று, பருவம் மூன்று, நூலோ ஒன்றே. அட்டையின் நிறம் மட்டுமே வேறுபடுகின்றது.

வலிகாமத்திலும் வடமராட்சியிலும் தென்மராட்சியிலும் தீவகத்திலும் இக்காட்சியைக் காணலாம். இதனைக் காண்போர் பெற்றோரின் அக்கறையை மெச்சுவர். அக்கறை உண்மையானதே. பிள்ளையின் படிப்புக்காக நகையை அடகு வைக்கவும் தயங்காத சமூகம் இது. ஆயினும், அக்கறை மிகுதியாக உள்ள இடத்திலேயே ஆராய்வு குறைந்திருப்பதுதான் விந்தை. கத்தரி நாற்றை எப்போது பறித்து நடுவது, புகையிலைக்கு எந்நாளில் நீர் விடுவது என்பவற்றை நுணுகி அறிந்த கமக்காரர், தம் பிள்ளைக்கு எந்த வயதில் எந்த நூலைக் கொடுப்பது என்பதைப் புத்தகக் கடைக்காரரின் தீர்ப்புக்கு விட்டுவிடுகின்றார்.

இலங்கையில் பாடசாலையை முற்றாக விலக்கி வீட்டிலேயே கல்வி புகட்டும் வழக்கம் பரவலாக இல்லை. 5 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பாடசாலை வரவைக் கட்டாயமாக்கும் விதிகள் 1998 முதல் நடைமுறைக்கு வந்தன. 2016இல் அவ்வெல்லை 16 வயதாக உயர்த்தப்பட்டது. ஆதலின் ஈண்டு ஆராயப்படுவது பாடசாலைக்கு மாற்றான வீட்டுக் கல்வியன்று. பாடசாலை முடிந்த பின்னரும், பாடசாலைப் பருவம் தொடங்குமுன்னரும் வீட்டில் நிகழும் கல்வியே. அக்கல்விக்குரிய நூல்களையும் கருவிகளையும் தெரிவதற்குப் பரீட்சையை அளவுகோலாகக் கொள்வது பிழை. பிள்ளையின் வயதும் பக்குவமுமே அளவுகோலாதல் வேண்டும். இக்கட்டுரை நிறுவ முற்படுவது இதுவே.

மரபு அறிந்திருந்த படிமுறை

இக்கருத்து மேனாட்டிலிருந்து இறக்குமதியானது எனச் சிலர் கூறக்கூடும். கொமேனியஸ் 1658இல் சிறுவர்க்கெனப் படங்கள் நிறைந்த பாடநூலை வெளியிட்டதும், ரூசோ 1762இல் வெளியான தமது ‘எமீல்’ என்னும் நூலில் இளமையில் ஏட்டுக் கல்வியைத் திணிப்பதைக் கண்டித்ததும், கடந்த நூற்றாண்டில் பியாஜே பிள்ளையின் சிந்தனை படிப்படியாக வளர்வதை விளக்கியதும் உண்மையே. எனினும், மாணாக்கனின் கொள்ளும் ஆற்றலை அறிந்தே ஆசிரியன் கற்பித்தல் வேண்டும் என்பதை நன்னூற் பாயிரம் இவர்களுக்கெல்லாம் முன்னரே கூறிவிட்டது.

யாழ்ப்பாணத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களிலும் ஒரு படிமுறை இருந்தது. பிள்ளை முதலில் மணலில் விரலால் எழுதியது. பின்னரே ஓலையும் எழுத்தாணியும் அதன் கைக்கு வந்தன. அரிச்சுவடி, எண்சுவடி என்பவற்றை அடுத்து ஆத்திசூடி, கொன்றைவேந்தன் போன்ற சிறு நீதிநூல்களும், அவற்றின்பின் மூதுரை, நல்வழி என்பனவும் இடம்பெற்றன. நிகண்டும் இலக்கணமும் புராணமும் அவற்றுக்கு மேலான நிலையின. ஒற்றைச் சிறு தொடரிலிருந்து நாலடி வெண்பாவுக்கு ஏறும் இவ்வொழுங்கு தற்செயலானதன்று.

ஆயினும், பழமையைப் போற்றுவதாகக் கூறி அதன் குறைகளை மறைத்தல் ஆகாது. பொருள் விளங்குமுன்னரே நூற்றுக்கணக்கான செய்யுள்களை மனனஞ் செய்வித்த குறை அங்கு இருந்தது. அதனினும் பெரிய குறை, அத்திண்ணைகள் எல்லாச் சாதியாருக்கும் திறந்திருக்கவில்லை என்பதாகும். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளிற்கூட, வகுப்பறையில் சம ஆசனம் என்னும் எளிய நீதி குடாநாட்டில் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. ஆதலின் திண்ணைக்கு மீளுமாறு எவரும் கேட்க வேண்டியதில்லை. அத்திண்ணை அறிந்திருந்த படிமுறையை இன்றைய இல்லம் மறந்துவிட்டது என்பதை மட்டும் நினைவூட்டுதல் தகும்.

இப்படிமுறையை அச்சுக் காலத்திற்கு ஏற்ப மாற்றியமைத்தவர் ஆறுமுக நாவலர் (1822–1879). 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய அவர், அங்கு கற்பிப்பதற்கு ஏற்ற நூல்கள் இல்லாமையை உணர்ந்தார். மிசன் பாடசாலைகள் அச்சிட்ட நூல்களைக் கையிற் கொண்டிருந்த காலம் அது. நாவலர் தாமும் ஓர் அச்சுக்கூடத்தை நிறுவினார். பாலபாடங்களை வரிசையாக வெளியிடலானார். முதற் பாலபாடத்தின் எளிய சிறு வாக்கியங்களையும், நான்காம் பாலபாடத்தின் செறிந்த நீண்ட கட்டுரைகளையும் அருகருகே வைத்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். பெரியோர்க்குச் செந்தமிழில் எழுதவல்ல பேரறிஞர் ஒருவர், சிறு பிள்ளைக்காகத் தம் நடையைத் தாமே தாழ்த்திக்கொண்டு படிப்படியாக உயர்த்திச் செல்கின்றார். அவருடைய சமய நோக்கோடு உடன்படாதோரும் இவ்வாசிரியத் திறனை மறுத்தல் இயலாது. புலமை பிள்ளையை நோக்கி இறங்கி வந்தது. பிள்ளை புலமையை நோக்கி இழுக்கப்படவில்லை.

வினாத்தாள் வீட்டிற்குள் நுழைந்த வரலாறு

1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. மத்திய கல்லூரிகளில் வறிய கிராமத்துப் பிள்ளைகள் கற்பதற்கு வழிசெய்யும் நோக்குடன் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் தோன்றியது. 1980 முதல் பாடநூல்களும் இலவசமாக வழங்கப்பட்டன. பிறப்பாற் பெற்ற வாய்ப்பின்மையைக் கல்வியால் வெல்லலாம் என்னும் நம்பிக்கையை இவை வளர்த்தன. இந்நம்பிக்கை வீண்போகவில்லை, குடாநாட்டின் ஏழைக் குடும்பங்கள் பலவற்றில் முதற் பட்டதாரி தோன்றியது இவ்வழியாலேயே.

1971 முதல் பல்கலைக்கழக அனுமதியிற் புகுத்தப்பட்ட தரப்படுத்தல் இந்நம்பிக்கையை அச்சமாக மாற்றியது. ஒரு புள்ளியில் வாழ்வு தவறிவிடும் என்ற எண்ணம் வீடுகளிற் குடிகொண்டது. தனியார் கல்வி நிலையங்கள் பெருகின. முதலில் உயர்தர மாணவரைப் பற்றிய இவ்வச்சம், பின்னர் சாதாரண தரத்திற்கும், அதன்பின் ஐந்தாந் தரத்திற்கும் இறங்கி, இன்று முன்பள்ளியின் வாசலில் நிற்கின்றது. பதினெட்டு வயதினரின் பரீட்சைக்கெனப் பிறந்த நூல்வகை, நான்கு வயதுப் பிள்ளையின் மடியில் வந்து விழுந்த வரலாறு இதுவே.

இடையில் நேர்ந்த இழப்புகளையும் மறத்தலாகாது. 1981 மே 31 நள்ளிரவை ஒட்டி யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டது; ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 1990இன் பின் குடாநாடு மின்சாரமின்றி இருந்த ஆண்டுகளில், பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கின் சிறு சுடரிற் படித்தனர். செய்தித்தாள்களே அப்பியாசக் கொப்பித் தாள்களில் அச்சாகிய காலம் அது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாம மக்கள் இடம்பெயர்ந்தபோது நூல்களைச் சுமந்து செல்ல முடிந்தோர் மிகச் சிலரே. இத்துன்பங்களைப் பெருமையாகப் பேசுவது தவறு. ஆயினும், கையிற் கிடைத்த ஒரே நூலை மூத்த பிள்ளை உரக்க வாசிக்க இளையவர் சூழ்ந்திருந்து கேட்டு வளர்ந்தனர் என்பது அக்காலத்தோர் பலர் அறிந்தது.

2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது நிலைமை தலைகீழாயிற்று. அப்போது இல்லாதிருந்தது நூலன்று, தெரிவே. வட்ஸ்அப் குழுக்களின் வழியே செயலட்டைகள் நாள்தோறும் குவிந்தன. ஒரே கைத்தொலைபேசி உள்ள வீட்டில் மூன்று வகுப்பின் செயலட்டைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேர்ந்தன. எதை விடுவது, எதை எடுப்பது என்பதை அறியாத தாய்மார் எல்லாவற்றையும் எடுத்தனர். பிள்ளைகள் எதையும் கற்காது களைத்தனர். பஞ்சத்தில் பகிர்ந்துண்ணக் கற்ற சமூகம் மிகுதியில் அளந்துண்ணக் கற்கவில்லை.

எதிர்வாதங்கள் மூன்று

இத்தெரிவை வற்புறுத்துவோரை நோக்கி மூன்று மறுப்புகள் எழுப்பப்படுகின்றன. அவை புறக்கணிக்கத்தக்கன அல்ல.

முதலாவது, பரீட்சையே ஏழைக்குரிய ஏணி. அதனைப் பழிப்போர் ஏணியில் ஏறி முடிந்தோர் என்பது. இவ்வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால், ஏணியில் ஏறுவதற்குக் கால்கள் வலுவுற வேண்டும். வினாவை வாசித்து விளங்கிக்கொள்ள இயலாத பிள்ளைக்கு ஆயிரம் வினாத்தாளைக் கொடுத்தாலும் அது விடையை ஊகிக்கக் கற்குமேயன்றிச் சிந்திக்கக் கற்காது. வினாவின் அமைப்போடு பழகுவதற்குச் சில கிழமைப் பயிற்சி போதும். வாசிப்பு வலுவுறுவதற்கோ ஆண்டுகள் வேண்டும். சில கிழமைக்குரியதற்கு நான்கு ஆண்டுகளைக் கொடுத்து, ஆண்டுகளுக்குரியதற்கு ஒரு மணி நேரமும் கொடாதிருப்பது ஏழைப் பிள்ளைக்கு இழைக்கும் உதவியன்று. செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு வினாத்தாளோடு கதைநூலும் கிடைக்கின்றது; வறியவர் வீட்டுப் பிள்ளைக்கு வினாத்தாள் மட்டுமே கிடைக்கின்றது. ஏற்றத்தாழ்வு இங்கேதான் மீண்டும் முளைக்கின்றது.

இரண்டாவது, பெற்றோர்க்குக் கற்பிக்கும் அறிவோ நேரமோ இல்லை என்பது. விடைகள் அச்சிட்ட தொகுதியை வாங்கினால் அறிவு தேவையில்லை எனக் கருதப்படுகின்றது. பிள்ளையை உரக்க வாசிக்கச் செய்து செவிமடுப்பதற்குப் பட்டம் வேண்டியதில்லை. எழுத்தறியாத அப்பாச்சியும் நொடி போடுவார், கதை சொல்வார். அவரிடம் உள்ள சொல்வளம் எந்தப் பயிற்சிக் கொப்பியிலும் இல்லை. அதனைக் கல்வியெனக் கருதாதது படித்தவர்களின் குற்றம்.

மூன்றாவது, நல்ல நூல்கள் விலை கூடியவை என்பது. மாதந்தோறும் வாங்கி, நிரப்பி, எறியப்படும் தொகுதிகளின் செலவை ஆண்டு முழுவதற்கும் கூட்டிப் பார்ப்போர் இம்மறுப்பைத் தாமே கைவிடுவர். நிரப்பிய வினாத்தாள் தம்பிக்கு உதவாது. கதைநூல் தம்பிக்கும் தங்கைக்கும் அயல்வீட்டுப் பிள்ளைக்கும் உதவும். ஊர்தோறும் வாசிகசாலைகளை எழுப்பிய மண் இது. அவ்வாசிகசாலைகளில் நாளிதழ் வாசிக்கும் முதியோர் மேசைக்கு அருகே சிறுவர்க்கென ஒரு மேசையை இடுவதற்குப் பெருஞ் செலவு ஆகாது.

பருவத்திற்கேற்ற தெரிவு

கண்டனத்தோடு நின்றுவிடும் கட்டுரை அரைவேலை செய்ததாகும். ஆதலின் எப்பருவத்திற்கு எது தகும் என்பதைச் சுருக்கமாகவேனும் கூறுதல் கடமையாகின்றது.

ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு எழுதும் கொப்பி வேண்டாம். விசயதசமியில் ஏடு தொடக்கும்போது பிள்ளை எழுதுவது பச்சையரிசியில், தாளில் அன்று. விரல்கள் இன்னும் வலுவுறாத பருவம் என்பதை அச்சடங்கே உணர்த்துகின்றது. பாட்டும் கதையும் நொடியும் மணலும் களிமண்ணுமே இப்பருவத்தின் நூல்கள். கொக்கான் வெட்டும் அக்காவுக்கு அருகிலிருந்து கல்லை எண்ணும் பிள்ளை கணிதத்தைத் தொடங்கிவிட்டது.

ஆறு முதல் எட்டு வரை வாசிக்கக் கற்கும் பருவம். பெரிய எழுத்தும் சிறு வாக்கியமும், பிள்ளை கண்டறிந்த பொருள்களும் உள்ள கதைநூல்களே இதற்குத் தகும். பாடசாலை தந்த பாடநூல் இருக்கையில் அதன் நகலான துணைநூலை வாங்குவதாற் பயனில்லை. நாள்தோறும் கால் மணி நேரம் உரத்து வாசித்தலும், சோகியையும் புளியங்கொட்டையையும் கூட்டிக் கழித்தலும் போதும்.

ஒன்பது முதல் பதினொன்று வரையுள்ள பருவமே குடாநாட்டில் மிக அதிகமாகச் சூறையாடப்படும் பருவம். கண்ணாற் கண்டு கையால் அளந்து சிந்திக்கும் ஆற்றல் முதிரும் வயது இது. ஆறுகள் ஓடாத இந்நிலத்தில், சுண்ணக்கற் பாறைக்குள் மழைநீர் தேங்கியே கிணறுகள் ஊறுகின்றன. வீட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தை மாரிக்கு முன்னும் பின்னும் கயிறிட்டு அளந்து ஒரு கொப்பியிற் குறித்துவரும் பிள்ளை, புவியியலையும் அளவையையும் தன் ஊரின் வாழ்வையும் ஒருங்கே கற்கின்றது. அக்கொப்பிக்கு ஈடான துணைநூல் எக்கடையிலும் இல்லை. ஊர்ப்படம் ஒன்றைத் தானே வரைதல், நாட்குறிப்பு எழுதுதல், கிழமைக்கு ஒரு கதைநூலை முடித்தல் என்பன இதனோடு சேரட்டும். புலமைப்பரிசில் எழுதும் ஆண்டின் இறுதி மாதங்களில் வினாத்தாட் பயிற்சி அளவோடு இடம்பெறலாம். மூன்றாந் தரத்திலேயே அதனைத் தொடங்குவது கொடுமை.

பன்னிரண்டு முதல் பதினான்கு வரை வினாவும் ஐயமும் எழும் பருவம். அகராதி, தேசப்படம், வாழ்க்கை வரலாறுகள், விஞ்ஞானக் கட்டுரைகள், நாளிதழ் என்பன வீட்டில் இருத்தல் வேண்டும். ஒரே செய்தியை இரு நாளிதழ்கள் எவ்வாறு வேறுபடக் கூறுகின்றன என்று ஒப்பிடும் பழக்கம் இவ்வயதில் வேரூன்றினால், பிற்காலத்தில் எவரும் அப்பிள்ளையை எளிதில் ஏமாற்ற இயலாது.

பதினைந்துக்கு மேற்பட்டோர்க்குக் கடந்தகால வினாத்தாள் உரியதே. அங்கும் பிறர் எழுதிய குறிப்பை மனனஞ் செய்தலினும், மூலநூலை வாசித்துத் தானே குறிப்பெழுதுதல் சிறந்தது. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் இணையத்தளத்தில் ஈழத்து நூல்களும் இதழ்களும் பெருந்தொகையாக இலவசமாகக் கிடைக்கின்றன. கைத்தொலைபேசி ஏற்கெனவே வீட்டில் உள்ளது. அதன் திரையிற் செயலட்டைக்குப் பதிலாக ஒரு நூல் திறக்கப்பட வேண்டியதே எஞ்சியுள்ளது.

ஒரு நூல், பல வயது

இவ்வளவும் கேட்ட தாய் ஒருத்தி, மூன்று பிள்ளைக்கும் மூன்று வகையாகத் தேடுவதற்குத் தனக்கு நேரம் ஏது என வினவலாம். விடை உண்டு. நல்ல இலக்கியம் வயதுக்கேற்பத் தன்னை விரித்துக் காட்டும் இயல்புடையது. வட்டுக்கோட்டையில் ஆசிரியராகப் பணிபுரிந்த நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) பாடிய ‘ஆடிப்பிறப்பு’ இதற்குச் சான்று. கடைக்குட்டி அதனைக் கைதட்டிப் பாடும். நடுப்பிள்ளை அதிற் சொல்லப்படும் கூழுக்கும் கொழுக்கட்டைக்கும் வேண்டிய பொருள்களைப் பட்டியலிட்டு அளவும் விலையும் கணக்கிடும். மூத்த பிள்ளை, ஆடி முதல்நாளை இம்மக்கள் ஏன் கொண்டாடினர், அவ்வழக்கம் இன்று தேய்ந்தது எதனால் என ஆராய்ந்து ஒரு பக்கக் கட்டுரை எழுதும். பாட்டு ஒன்று, பாடம் மூன்று. மூத்தது இளையதற்குச் சொல்லிக்கொடுக்கையில் நான்காவது பாடமும் நிகழ்கின்றது. பாடசாலை பிள்ளைகளை வயதுவாரியாகப் பிரித்தே கற்பிக்க முடியும். பல வயதினரை ஒருங்கே இருத்திக் கற்பிக்கும் வசதி வீட்டிற்கே உரியது. அவ்வசதியைக் கைவிட்டு, வீட்டைப் பாடசாலையின் மங்கிய நகலாக்குவது எவ்வகையிலும் இலாபமன்று.

வினாத்தாட் தொகுதி இதற்கு நேர்மாறானது. அதுவும் எல்லா வயதிற்கும் ஒன்றே. ஆனால் எந்த வயதிற்கும் அது விரிந்து கொடுப்பதில்லை. சரியான கட்டத்திற்குள் ஒரு கோடு என்பதற்கு மேல் அது பிள்ளையிடம் எதையும் எதிர்பார்ப்பதுமில்லை.

தமிழாசிரியர்க்கும் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்க்கும் இதிற் கடமை உண்டு. நாவலர் தம் புலமையைச் சிறு வாக்கியமாக இறக்கித் தந்தார். சோமசுந்தரப் புலவர் தோட்டத்து வெருளியையும் பாட்டுப் பொருளாக்கினார். அவர்களின் நூற்றாண்டுகளைக் கொண்டாடுவோர், எட்டு வயதுப் பிள்ளை வாசிக்கத்தக்க ஒரு கதையை எழுதுவதைத் தம் தகுதிக்குக் குறைவாகக் கருதுவாராயின், அவ்வெற்றிடத்தை வினாத்தாள் அச்சிடுவோர் நிரப்புவதைக் குறைகூற அவர்க்கு உரிமையில்லை.

பெற்றோர் அடுத்த முறை புத்தகக் கடைக்குச் செல்லும்போது, “எந்தப் பரீட்சைக்கு?” என்று கடைக்காரர் வினவுவார். “எட்டு வயதுப் பிள்ளைக்கு” என்பதே அவர் விடையாகட்டும். அவ்வாறு நூறு பேர் விடையிறுத்தால், கடையின் தட்டும் மாறும். விறாந்தையில் அமர்ந்திருக்கும் மூன்று பிள்ளைகளின் மாலையும் மாறும்.